கோமளா வேலைக்குப் போகாத இரண்டு நாள்

ஆவடிக்குப் பக்கத்துச் சேக்காட்டில் கோமளாவை 'நர்ஸம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் நர்ஸ் இல்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டு, பத்தொன்பது வயதில் வேன் ஓட்டும் தேவாவுக்குக் கழுத்தை நீட்டி, கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து மூன்று மாதப் பயிற்சி ஒன்றை முடித்து, படுக்கையில் விழுந்தவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் அட்டெண்டர் ஆனவள். ஊசி போட அவளுக்கு அனுமதி கிடையாது. ஆனால் கனத்த உடம்புக்காரரைக் கூட ஒற்றை ஆளாகப் புரட்டிப் படுக்க வைப்பாள், முதுகில் புண் வராமல் காப்பாள், வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம் பிடிப்பவர்களுக்கு ஒரு கிண்ணம் கஞ்சியை எப்படியாவது உள்ளே அனுப்பிவிடுவாள். தெரு இதையெல்லாம் எங்கே பிரித்துப் பார்க்கப் போகிறது. வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினால் நர்ஸம்மாதான்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பூந்தமல்லியை அடுத்த கரையான்சாவடிப் பக்கம் பக்கவாத நோயாளிகளுக்காகப் புதிதாக ஓர் இல்லம் வந்துகொண்டிருந்தது. அதில் வார்டு இன்சார்ஜ் வேலைக்கு நர்ஸ் படிப்பு வேண்டாம், ஆறு வருஷம் இடைவெளி இல்லாமல் அட்டெண்டராக வேலை பார்த்த சான்றிதழ் போதும் என்று சொல்லியிருந்தார்கள். மேசை, நாற்காலி, சட்டையில் குத்திக்கொள்ளப் பெயர் எழுதிய வில்லை. இதுவரை கோமளாவின் பெயர் ரேஷன் கார்டையும் கல்யாணப் பத்திரிகையையும் தவிர வேறெங்கும் அச்சாகி அவள் பார்த்ததில்லை. வருகிற மார்ச் இருபத்தெட்டோடு அவளுக்கு ஆறு வருஷம் முடியும். அந்தத் தேதியை அவள் காலண்டரில் வட்டம் போடவில்லை. வட்டம் போடாமலே கண் அங்கேதான் போயிற்று.

மே மாதம் தொடங்கிய இரண்டாம் நாள், மாமியார் அன்னம்மாள் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது.

அன்னம்மாள் லேசுப்பட்ட ஆள் இல்லை. நிலமெல்லாம் மனைகளாகிக் கை மாறிய பிறகும் வெகுநாள் வரை இரண்டு எருமைகளை விடாமல் வைத்திருந்தவள். அவள் குரலுக்கு எருமைகளே பயப்படும். மருமகளை இந்தப் பத்தொன்பது வருஷத்தில் ஒரு முறை கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இந்தா' என்பாள். கோபம் வந்தாலும் 'இந்தா', கொஞ்சம் இளகினாலும் 'இந்தா'. முதல் இரண்டு வருஷம் கோமளாவுக்கு அது உறுத்தியது. பிறகு பழகிவிட்டது என்று அவளே சொல்லிக்கொண்டாள். பழகியதா என்ன, உள்ளே எங்கேயோ முள்ளாய்க் கிடந்தது.

ஐந்து வருஷமாக எடுக்காமல் சேர்த்து வைத்திருந்த லீவையெல்லாம் சொல்லிவிட்டுக் கோமளா வீட்டில் உட்கார்ந்தாள். முப்பது நாளுக்கு மேல் வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவோம் என்றது அவளை வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பும், அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிறுத்தத்துப் பக்கம் இருந்த ஏஜென்ஸி. பெயர் போனால் ஐந்து வருஷமும் போச்சு, மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான்.

இருபத்தாறாம் நாள் நிர்மல் வந்தான். கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை. யார் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்க வந்தவன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாக நான்கு தடவை வருவானாம். ஊர் விருதுநகர்ப் பக்கம், படித்தது பொருளாதாரம். தேவாதான் வாசலில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"உங்க மனைவி?"

"அவ சும்மாதான் ஊட்ல கீறா சார்."

உள்ளே அன்னம்மாளுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்த கோமளாவின் காதில் இது விழுந்தது. கையைக் கழுவிவிட்டு முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். தேவா எழுந்து வேனைத் துடைக்கப் போய்விட்டான். அந்த மட்டுக்கும் அவன் கெட்டிக்காரன்.

"இன்னா சார் போட்ட எனக்கு?"

"வீட்டு வேலைன்னு போட்டிருக்கேன்க்கா. வேலையில இருக்கிறவங்க கணக்குல வராது."

"போன மாசம் அம்பத்தூர்ல ஒரு அம்மாவுக்கு இதே பீத்துணிதான் மாத்தினேன். அது இன்னா?"

"அது வேலை. அதுக்குக் குடுக்குற காசு நாட்டோட வருமானத்துல சேரும்."

"இது?"

"சேராது."

"பீ ஒண்ணுதான சார்."

நிர்மலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, படித்ததை நிதானமாகச் சொன்னான். இந்த வீடு சொந்த வீடா, அப்படியென்றால் இதில் வாடகைக்கு இருந்தால் எவ்வளவு கொடுப்பீர்களோ அதைக் கூட நாட்டு வருமானத்தில் சேர்ப்பார்கள். எருமை வளர்த்து அந்தப் பாலை நீங்களே குடித்தாலும் சேர்ப்பார்கள். வீட்டு மனுஷரைப் பார்த்துக்கொள்வதை மட்டும் சேர்ப்பதில்லை.

"எருமைக்குக் கணக்கு கீது. எருமைய வளர்த்தவளுக்கு இல்லியா?"

"அதை ஆரம்பிச்சா எங்க நிறுத்துறதுன்னு தெரியலங்கிறாங்கக்கா. சோறாக்குறது, தலை வாரி விடுறது, பிள்ளையத் தூங்க வைக்கிறது, எல்லாத்துக்கும் என்ன விலைன்னு போடுறது?"

அவன் எழுந்திருக்கும்போது, ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஒன்று சொன்னான்.

"அவங்க உங்க மாமியாரா இல்லாம வேற யாரோவா இருந்து, சம்பளமும் வந்துச்சுன்னா இதே வேலை உடனே கணக்குல வந்துரும்."

அன்று மாலையே கோமளா சுரேகாவுக்குப் போன் போட்டாள். சுரேகா அதே ஏஜென்ஸியில் அட்டெண்டர், கரையான்சாவடியில் குடியிருப்பவள், கோமளாவுக்குப் பயிற்சிக் காலத் தோழி. அவளுடைய மாமியார் ராஜகுமாரி குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு கிடந்தாள். சுரேகாவும் இருபது நாளாக வீட்டில்தான். நிர்மல் சொன்னதையெல்லாம் கோமளா அவளிடம் ஒப்பித்தாள். இரண்டு பேரும் ஒரு பாட்டம் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது இரண்டு பேருக்கும் ஒரே யோசனை வந்திருந்தது.

"உன் மாமியார எனக்குக் குடு. என் மாமியார நீ வச்சிக்கோ," என்றாள் சுரேகா.

ஏஜென்ஸி மேனேஜர் ஹேமநாதன் முதலில் இவர்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தார். பிறகு கால்குலேட்டரை எடுத்தார். ஒவ்வொரு வீடும் மாதம் பதினெட்டாயிரம் ஏஜென்ஸிக்குக் கட்ட வேண்டும். ஏஜென்ஸி ஒவ்வொருத்திக்கும் பதினைந்தாயிரம் சம்பளம் கொடுக்கும். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை டூட்டி, ஞாயிறு விடுமுறை, அது போக மாதம் இரண்டு லீவு. சட்டத்தில் தப்பு எதுவும் இல்லை என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

தேவாவின் முகம் மலரவில்லை. "நம்ம காசு அங்க போயி சுத்திகினு நம்மகிட்டயே வருது. வர்ற வழில மூவாயிரம் காணாம பூடுது. இன்னாத்துக்கு இது?"

"அந்த மூவாயிரத்தாலதான் என் பேரு ஏஜென்ஸில நிக்குது," என்றாள் கோமளா. தேவா வேன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். சும்மா கீறா என்று சொன்னதை அவள் இன்னும் மறக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

ஜூன் முதல் தேதியிலிருந்து அந்தக் கூத்து நடந்தது. காலையில் கோமளா ஆவடியிலிருந்து பூந்தமல்லி பஸ் ஏறுவாள். சுரேகா பூந்தமல்லியிலிருந்து ஆவடி பஸ் ஏறுவாள். பருத்திப்பட்டு ஏரிக்கரைப் பக்கம் இரண்டு பஸ்ஸும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எதிரெதிரே வரும். ஜன்னல் சீட்டு கிடைத்த நாளில் ஒருத்திக்கொருத்தி கையாட்டிக்கொள்வார்கள். ஒருத்தி வீட்டு வேலையைச் செய்ய இன்னொருத்தி போகிறாள், அவள் வீட்டு வேலையைச் செய்ய இவள் வருகிறாள். நடுவில் பஸ் நெரிசல் வேறு. இதில் புத்திசாலி யார் என்று அந்த ஏரியைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு விஷயம் இருவரையும் திகைக்க வைத்தது. சொந்த மருமகளைக் கரித்துக் கொட்டுகிற ராஜகுமாரி, கோமளாவிடம் தேனாய் உருகினாள். "வாம்மா, சாப்ட்டியா, வெயில்ல வந்துகீற, கொஞ்சம் ஒக்காரு." வீட்டில் அவள் தன்னைப் படுத்தும் பாட்டைச் சுரேகா கதை கதையாய்ச் சொல்லியிருந்தாள். அன்னம்மாளும் அப்படித்தான். கோமளா ஊட்டினால் முகத்தைத் திருப்புகிறவள், சுரேகா ஊட்டினால் சமர்த்தாக வாயைத் திறந்தாள். சம்பளத்துக்கு வருகிறவளிடம் எல்லோருக்கும் கொஞ்சம் மரியாதை வந்துவிடுகிறது என்று கோமளா நினைத்துக்கொண்டாள்.

அட்டெண்டர்களுக்கு டூட்டி நோட்டு ஒன்று உண்டு. எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டார்கள், எவ்வளவு தண்ணீர் குடித்தார்கள், எத்தனை தடவை புரட்டிப் படுக்க வைத்தது, எல்லாம் எழுதி ஆறு மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டும். மாதக் கடைசியில் அது ஏஜென்ஸிக்குப் போகும். ஒவ்வொரு மாலையும் கோமளா வீட்டுக்கு வந்ததும் சுரேகா எழுதியதை ஒரு வரி விடாமல் படிப்பாள். பிறகு கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு அதே வேலையைத் தானும் தொடங்குவாள். கஞ்சி, துணி, புரட்டல், நாக்குக்கான பயிற்சி. ஆறு மணிக்கு முன்னால் அதெல்லாம் நாட்டு வருமானம். ஆறு மணிக்குப் பின்னால் ஒன்றுமில்லை.

செப்டம்பரில் நிர்மல் மறுபடி வந்தபோது, 'வேலையில் இருப்பவர்' என்ற கட்டத்தை அவன் விரல் தொடும் வரை கோமளா பக்கத்திலேயே நின்று பார்த்தாள். பிறகுதான் டீ கொடுத்தாள்.

"உங்க ரெண்டு பேராலயும் நாட்டு வருமானம் மாசம் முப்பத்தாறாயிரம் ஏறியிருக்குக்கா," என்றான் அவன்.

"கெழவிங்களுக்கு எதுனா ஏறிச்சா சார்?" என்று கேட்டான் தேவா. நிர்மல் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான்.

டிசம்பர் வருகையும் அப்படியே போயிற்று. அன்னம்மாள் சுவரைப் பிடித்து உட்காரத் தொடங்கியிருந்தாள். பேச்சு மட்டும் வரவில்லை. 'ஆ' என்றும் 'ம்' என்றும் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

மார்ச் இருபத்துநாலாம் தேதி மாலை கோமளா வழக்கம் போல நோட்டைப் பிரித்தாள். சுரேகாவின் குண்டு எழுத்தில் இருந்தது.

'காலை 11.10. பேஷண்ட் பேசினார். கோமளா என்று கூப்பிட்டார். டூட்டிக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேன். 11.30. மறுபடி கோமளா என்றார். 12.00. கஞ்சி 200 மில்லி.'

கோமளா அதை விரலால் தொட்டுக்கொண்டே படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு கட்டிலுக்கு ஓடினாள். "அத்தே, நான்தான் அத்தே, கோமளா. சொல்லுங்க." அன்னம்மாள் அவளையே பார்த்தாள். உதடு அசைந்தது. வந்தது அதே 'ஆ'தான். மாலையானால் நாக்கு களைத்துவிடும், இந்த நோயில் அப்படித்தான் என்று கோமளாவுக்குத் தெரியாதா. எத்தனை பேருக்குப் பார்த்திருக்கிறாள். காலையில் வருகிற பேச்சு, அவள் கரையான்சாவடியில் ராஜகுமாரிக்குத் தைலம் தடவிக்கொண்டிருக்கும் நேரத்தில் வந்துவிட்டுப் போய்விடுகிறது.

மறுநாள் நோட்டிலும் இருந்தது. 'கோமளா, மூன்று முறை.'

பத்தொன்பது வருஷமாகக் காத்திருந்த ஒன்று வந்தும் விட்டது. அதை இன்னொருத்தி கேட்டு, மில்லி கணக்கோடு சேர்த்து எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தாள். கோமளாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அந்த மாத லீவு இரண்டும் காய்ச்சலில் தீர்ந்திருந்தது. சுரேகாவுக்குப் போன் போட்டாள்.

"நாளைக்கு நான் ஊட்லயே இருக்கப் போறேன்."

"ஏய், இன்னும் மூணே நாளு. இருவத்தெட்டு முடியட்டும். அப்பறம் ஒரு மாசம் கூட ஒக்காந்துக்கோ."

"அம்பத்தூர்ல ஒரு பெரியவரப் பாத்துகினேன், ஞாபகம் கீதா? மூணு நாளு பேசுனாரு. நாலாம் நாளு திரும்பவும் வாதம் அடிச்சிது, பூட்டாரு. அவரு மகன் ஞாயித்துக்கெழம வரேன்னு சொல்லிகினு இருந்தான்."

சுரேகா ஒரு வழி சொன்னாள். "நீ உன் ஊட்ல இரு. நான் என் ஊட்ல இருக்கேன். ரெண்டு கெழவிக்கும் வேல நடக்கத்தான போவுது. நோட்ல மட்டும் எப்பவும் போல மாத்திக் கையெழுத்துப் போட்டுக்கலாம். எவனுக்குத் தெரியப் போவுது?"

நியாயமான யோசனைதான். அதே கஞ்சி, அதே துணி. ஒரு சொட்டுக் குறையாது. கோமளா ஒரு நிமிஷம் தடுமாறித்தான் போனாள். அந்த நாற்காலி கண்ணெதிரே வந்து போனது.

"வேணாம் சுரேகா," என்றாள். "கையெழுத்துப் போட்டா அது டூட்டி ஆயிடும். அவங்க என்னக் கூப்புடறது டூட்டில இருக்க வேணாம்."

சுரேகாவுக்கு இது புரிந்ததோ இல்லையோ, சரி என்றாள். அவளிடம் அந்த மாத லீவு மிச்சம் இருந்தது. ஹேமநாதன்தான் போனில் தலையில் அடித்துக்கொண்டார். "லீவு தீர்ந்த பிறகு எடுத்தா இடைவெளின்னுதான் எழுத முடியும். அந்த இல்லத்துல ஒரு நாள் குறைஞ்சாலும் ஒத்துக்க மாட்டாங்கம்மா. யோசிச்சுச் சொல்லு." கோமளா யோசித்தாகிவிட்டது என்றாள்.

மறுநாள் வியாழக்கிழமை காலை எல்லா வேலையையும் பத்து மணிக்குள் முடித்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையைத் துடைக்கிற சாக்கில் நின்றுகொண்டிருந்தாள். பதினொன்றாயிற்று. அன்னம்மாள் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள், சுரேகா வருவாள் என்று. பிறகு முகம் திரும்பியது.

"கோ... மளா."

துடைக்கிற துணி கோமளாவின் கையிலேயே இருந்தது. "அத்தே."

"டூட்டி?"

"போவல."

அன்னம்மாளுக்கு அடுத்த சொல்லைத் தேடி எடுக்க நேரம் பிடித்தது. இடது கையால் கட்டில் விளிம்பைத் தட்டினாள். "சும்மா... ஒக்காரு."

இந்த வீட்டில் கோமளாவை அவள் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. கோமளா உட்கார்ந்தாள். அன்னம்மாள் மருமகளின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, விரல் இடுக்கில் சோப்புத் தண்ணீரில் வெந்து உரிந்திருந்த தோலைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கஞ்சி ஆறிப் போனது, அதைச் சூடு பண்ண எழுந்த கோமளாவை அவள் விடவில்லை. வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் போயிற்று. பெயரைத் தவிர எட்டோ ஒன்பதோ சொற்கள் வந்திருக்கும், கோமளா எண்ணவில்லை. டூட்டி நோட்டில் அந்த இரண்டு நாளுக்கான பக்கங்களும் வெறுமையாக இருந்தன.

முப்பதாம் தேதி மாலை அவள் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தபோது ஹேமநாதன் கூப்பிட்டார். இல்லத்தில் சான்றிதழைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம், அந்த இடத்துக்கு வேறு ஆளும் எடுத்தாகிவிட்டதாம். அடுத்து எப்போது எடுப்பார்கள் என்று தெரியாதாம். கோமளா சரி சார் என்றாள். பருத்திப்பட்டு தாண்டும்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். செய்தது தப்பு என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஆனாலும் வலித்தது. அந்தப் பெயர் வில்லையை அவள் எத்தனையோ தடவை மனதுக்குள் குத்திப் பார்த்திருந்தாள்.

மறுநாள் மாலை, கோமளா டூட்டி முடிந்து வந்து முகம் கழுவுவதற்குள், நிர்மல் கடைசித் தடவையாக வந்து உட்கார்ந்திருந்தான். கடந்த ஏழு நாளில் ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

"புதன்?"

"பத்து மணி நேரம்."

"வியாழன்?"

"இல்ல."

"வெள்ளி?"

"அதுவும் இல்ல."

தேவாவுக்குப் பொறுக்கவில்லை. "சார், அந்த ரெண்டு நாளும் காலைலேந்து அம்மாவ இவதான் பாத்துகினா. ஒரு நிமிசம் கூட நவுரல. எதுனா ஒரு கட்டத்துல போடு சார்." சொல்லிவிட்டு மனைவியை ஒரு பார்வை பார்த்தான். பத்து மாதத்துக்கு முன்னால் சொன்னதற்கு அது அவன் கட்டிய அபராதம்.

"வீட்டு வேலைன்னு போடட்டுமாக்கா?" என்றான் நிர்மல்.

"வேணாம் சார்," என்றாள் கோமளா. "சும்மாதான் இருந்தேன்."

அவன் விரல் திரையின் மேல் நின்றது. "சும்மான்னு இதுல கட்டம் இல்லையேக்கா."

"இல்லாட்டி விடு சார்."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. மாலை ஏழு மணிக்கு மேல் ஆகியிருந்தது, நாக்கு களைத்துப் போகிற நேரம். முதலில் ஒரு மூச்சு, பிறகு ஓர் 'ஆ'. கோமளா தலையைத் திருப்பாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கோமளா," என்றது குரல்.

"தோ வரேன் அத்தே," என்று அவள் எழுந்து உள்ளே போனாள்.